அழுத முகத்தைத் தொட்டவள்

தமயந்தியின் ஒரே மகன் சுபாஷ் சித்திரை மாதம் வடலூர் சாலையில் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு சொந்தபந்தம் கலைந்துவிட்டது. புருஷன் எப்போதோ செத்துப்போனவன். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் மகனுடைய சட்டைகளும் அவளும்தான் மிச்சம்.

விடிந்தால் காண்ட்ராக்ட் வேன் வரும். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தால், மருமகள் சண்டையும் ரேஷன் கடைப் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

காண்ட்ராக்டர் எல்லோருடைய போனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார். இன்று மனம் எப்படி இருக்கிறது என்று அது தினமும் கேட்கும். சிரித்த முகம், வாடிய முகம், அழுத முகம் மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் அன்றைய வேலை பதிவாகும். சிரித்த முகத்தைத் தவிர எதைத் தொட்டாலும் வம்பு என்று பேச்சு. அதனால் வேனில் கூட வரும் பிரபாவதி எல்லோருடைய போனையும் மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, வரிசையாகச் சிரிக்க வைத்துத் திருப்பிக் கொடுப்பாள்.

"மாமியா செத்தா எப்படியும் சிரிக்கத்தான போறீங்க, இப்பவே பழகிக்குங்கடி" என்பாள்.

அன்று சுபாஷின் பிறந்த நாள். தமயந்தி போனைக் கொடுக்கவில்லை. இயந்திரமாவது தன்னைக் கேட்கிறதே என்ற ஏக்கத்தில் அழுத முகத்தைத் தொட்டாள். நெருக்கமான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசும்படி திரையில் எழுத்து வந்தது. கீழே இருந்த எண்ணுக்கு அடித்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடியவே இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் செங்குட்டுவன் வேன் படியிலேயே அவளை நிறுத்தினான். மனசு சரியாகும் வரை வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்று மேலிருந்து உத்தரவாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம். சம்பளம்கூட வேண்டாம், வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று அவள் கும்பிட்டாள். உள்ளே இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயைத் திறந்தால் அடுத்த ஓய்வு அவர்களுக்கு.

பிரபாவதி மட்டும் இறங்கினாள். ஏறச் சொல்லி செங்குட்டுவன் அதட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் போய்விட்டது.

"நாந்தான் அமுக்கறனே, நீயா ஏண்டி அமுக்கின?"

"பொய்யா சிரிச்சிகினு எத்தினி நாளுக்கா இருக்கறது? வூட்டுக்குப் போனா செவுருதான் என்னப் பாக்குது."

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்த வார்த்தை ஆறுதல் தரும்? தூறலில் நனைந்த சாலையோரச் சிமெண்டுப் பலகையில் பிரபாவதி அவளை இழுத்து உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டிய நேரத்திலிருந்து தமயந்தி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லப் பாரம் குறையவில்லை, கூடியது. நாளைக்கு அந்த வேனில் இருவருக்கும் இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். பிரபாவதி எழுந்திருக்கவில்லை. தமயந்தியும் நிறுத்தவில்லை.