மேடம் வெட்டச் சொன்ன குரல்

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்துவார் எங்கள் மேடம். இந்த இடத்தை வெட்டு என்று அர்த்தம். பாகூர் பக்கத்திலுள்ள எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. வாசல் பலகையில் மகளிர் வரலாற்று ஆவணகம் என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் வாயில் அது 'லேடீஸ் ரூம்'. அதைத் தொடங்கியவர் வரலாற்றுப் பேராசிரியரான மேடம்தான். நான் அங்கே தற்காலிக ஊழியர். எங்கள் கல்லூரியில் தற்காலிகம் என்பது தலை நரைக்கும்வரை நீடிக்கும்.

மேடம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு வருவார். நாற்று நட்டவர்கள், சூளையில் செங்கல் அறுத்தவர்கள், மீன் விற்றவர்கள் என்று எல்லாரும் அவரிடம் மனம் விட்டுப் பேசினார்கள். அந்தப் பதிவுகளைச் சரிசெய்வது என் வேலை. அதில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பேசிய பெண்ணின் ஒரு வார்த்தைகூடப் போகக் கூடாது, இருமல்கூட இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் தன் குரல் மட்டும் எங்கேயும் கேட்கக் கூடாது. வெட்டுவது என்று நாங்கள் சொன்னாலும், அவர் பேசும் இடத்தில் ஒலியை அடைத்துவிடுவதுதான் வழக்கம். அந்த நேரம் மௌனமாக ஓடும். பிறகு மூலப் பதிவை அழித்துவிடுவோம், எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அதற்கு இடம் கிடையாது.

"இவ்ளோ காலம் அவங்கள யாரும் பேச விடல. இப்பவும் நான் நடுவுல பூந்து பேசணுமா?" என்பார். வறட்டுப் பிடிவாதம் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். இப்போது நாங்கள் கேள்வி கேட்கிறவரின் குரலையும் விட்டுவைக்கிறோம். அப்படி மாறியதற்குக் காரணம் மேடத்தின் மகள்.

பணியில் இருக்கும்போதே மேடம் போய்விட்டார். நோயை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் தீரவில்லை. கருமாதி முடிந்து சில நாட்களில், பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள் எங்கள் அறைக்கு வந்தாள்.

"அம்மா குரல் இங்க இருக்கும்லக்கா? ஒரு வாட்டி கேக்கணும்."

அவளிடம் எதுவும் இல்லை. மேடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர் அல்ல, வாட்ஸ்அப்பிலும் முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். எங்கேயாவது ஒரு சொல் தப்பியிருக்காதா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமைகூட என்னப் பக்கத்து வீட்ல விட்டுட்டுக் கெளம்பிடுவாங்க. ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் கேட்டாங்க. நீ எப்படி இருக்கேன்னு என்ன ஒரு நாளும் ஒக்காந்து கேக்கலக்கா" என்றாள். நான் அடுத்த பதிவைத் திறந்துகொடுத்தேன்.

கடைசியாக ஒரு மீன்கார அம்மாவின் பதிவு. கடற்கரைக் குப்பத்திலிருந்து செலியமேடு வரைக்கும் கூடை சுமந்து விற்றவர். அந்த ஒன்றை மட்டும் மேடம் என்னிடம் தராமல் தானே உட்கார்ந்து வெட்டியிருந்தார். நான் அதுவரை கேட்டதில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டோம்.

"விடிய காத்தால கெளம்பசொல்ல பொண்ணு தூங்கினு இருக்கும். எழுப்புனா அழும்னு அப்பிடியே பூடுவேன். இருட்டிப் போயி வூட்டுக்கு வந்தா திரும்பத் தூங்கிக்கினு இருக்கும். அது முழிச்சினு இருந்து நான் பாத்தது கொஞ்சந்தான்."

சற்று மௌனம். பிறகு அதே குரல், தணிந்து வந்தது.

"இன்னாம்மா, நீ ஏன் அழுவுற? உனுக்கும் பொண்ணு இருக்குதா?"

மறுபடி மௌனம். இம்முறை அது நீண்டுகொண்டே போனது. பதிவு நின்றுவிட்டதோ என்று நான் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அதெல்லாம் உன்ன வெறுக்காது. கண்ணத் தொடச்சிக்க, போ" என்றார் அந்த அம்மா.

அந்த இரண்டு வரிகளையும் மேடம் சுலபமாக எடுத்திருக்கலாம். ஆனால் அவை அந்தப் பெண்ணின் வார்த்தைகள், அவருடைய சட்டப்படி இருந்தாக வேண்டும். தன் அழுகையையும் தான் சொன்ன பதிலையும்தான் அடைத்திருக்கிறார்.

"அப்பா செத்தப்பக்கூட அம்மா அழுது நான் பாக்கல" என்றாள் மகள். அந்த இடத்தில் அம்மா என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். இருவரும் அழுதோம்.

புறப்படும்போது அந்தப் பதிவை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். மேடம் பேசும் இடத்தில் வெறும் மௌனம்தானே இருக்கும் என்று தயங்கினேன்.

"தெரியும்க்கா. என்னப் பத்தி எவ்ளோ நேரம் பேசியிருக்காங்கன்னு தெரியுதுல்ல. அது போதும்."