கடல் முயலைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள்

கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் முயல் வளர்க்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை அது. உள்ளங்கை அளவு, சேற்று நிறம். தூத்துக்குடிக் கடல் தண்ணீர் கேன்களில் ரயிலேறிப் போத்தனூரில் இறங்கும், நானே போய் எடுத்து வருவேன். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் சண்டை போட்டுத்தான் அதற்கு ஓர் அறை வாங்கியிருந்தேன்.

போன வருடம், அந்த அறை கம்ப்யூட்டர் லேபுக்கு வேண்டுமென்று கரெஸ்பாண்டெண்டே டிரஸ்டிகளையும் கிளார்க்கையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எடுத்த எடுப்பில் மறுத்தால் எடுபடாது. தொட்டியிலிருந்த ஒன்றைக் காட்டி, முதுகிலிருக்கும் சின்னக் குழாயை பிரஷால் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், பாருங்கள் என்றேன்.

எங்கள் ஊர் மரியாதை தெரியுமே. "மொதல்ல நீங்க தொடுங்க", "அட, நீங்க தொடுங்க" என்று பிரஷ் கைமாறிக்கொண்டே போனது. ஆளாளுக்கு ஆசை தீரத் தொட்டார்கள். எல்லோரையும் முன்னால் விட்ட கரெஸ்பாண்டெண்ட் கடைசியாகத் தொட்டபோது செவுள் அசையவே இல்லை.

"ஏனுங்க அம்மணி, செத்துப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றவர் கிளார்க்கிடம் திரும்பி, "எல்லாம் செத்துப்போச்சு, ரூம் காலின்னு எழுதிக்கங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாகலைங்க சார். நீங்க தொட்டது அதுக்குத் தெரியுதுங்க. தோல் நரம்பு அடுத்த நரம்புக்கு ஒரு ரசாயனத்தைவெச்சுத்தான் சேதி சொல்லுமுங்க. நோகாத தொடலே திரும்பத் திரும்ப வந்தா, அந்த ரசாயனம் கொறைஞ்சுக்கிட்டே போகும். உங்களால ஒரு ஆபத்தும் இல்லைன்னு முடிவு பண்ணிப்போடுச்சுங்க."

ஒரு டிரஸ்டி சிரித்துவிட்டார். கரெஸ்பாண்டெண்ட் சிரிக்கவில்லை. "நல்லாச் சமாளிக்கறீங்க" என்றார்.

இடுக்கியால் அதன் வாலை ஒரு கிள்ளு கிள்ளினேன். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஒருக்கா நொந்துட்டா, மெல்லத் தொட்டாலும் உஷாராயிக்குமுங்க" என்று பிரஷை அவரிடமே கொடுத்தேன். முன்பு தொட்ட அதே இடத்தில், அதேபோல மெல்லத் தொட்டார். செவுள் முழுசாக உள்ளே போய்விட்டது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இருந்தாலும் ரூம் வேணுமுங்களே அம்மணி." குரல் இறங்கியிருந்தது.

"எடுத்துக்கங்க சார். ஆனா செத்துப்போச்சுன்னு எழுதாதீங்க. உசுரோட இருக்கறதத் தூக்கி வெளிய வீசறோம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கிளார்க் பேனாவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரெஸ்பாண்டெண்ட் பேனாவை மூடச் சொல்லிவிட்டு டிரஸ்டிகளோடு வெளியே போனார். அறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திரும்பக் கேட்டு வந்தாலும் என் பதில் இதுதான்.