தடித்த துணி

தன் நூற்றாண்டு மலரின் அட்டையில் எங்கள் அக்கராயன் ஊர் வைத்தியரான பரியாரியார் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். எல்லோரையும் தொட்டுக் குணமாக்கியவராம். பச்சைப் பொய்!

ஐம்பதுகளின் கடைசியில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். எங்கள் சாதியாரை அவர் தொடமாட்டார். நாங்களே வெளுத்த துணி கொண்டுபோய் மணிக்கட்டில் சுற்றவேண்டும்.

"சுத்தியிருக்கிறன் ஐயா, பாருங்கோ," என்றாள் அம்மா.

துணிமேல் இரண்டு விரல்களை வைத்தார். "சும்மா காய்ச்சல். கொண்டு போ."

மூன்றாம் நாள் அக்கா செத்துப்போனாள்.

"நான் கொண்டுபோனது தடிச்ச துணி. அதுதான் அவருக்கு நாடி விளங்கேல்லை," என்று சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.

மலர் வெளியீட்டில் என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முழத் துணியோடு மேடை ஏறுவேன்.