தவமணி அக்கா பிடித்து வைத்த மேசைகள்

தவமணி அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை, லாசாலில், தம் வீட்டில், உறக்கத்திலேயே... மகள் வாணிதான் அழைத்துச் சொன்னாள்.

மொன்றியலில் நம் கோடைக்கால ஒன்றுகூடலுக்கு ஒருமுறையேனும் வந்தவர்கள் அவரை அறிவார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு, அந்தச் சேலை விரித்த மேசைகளின் நடுவே இருப்பவர் என்றால் விளங்கும்.

மேடைகளில் நெடுங்காலம் முழங்கியவன் நான். இப்போதெல்லாம் மேடைகளைவிட, இறுதிச்சடங்கு நடக்கும் மலர்ச்சாலைகளில்தான் அதிகம் பேசுகிறேன். அதே உயரத்தில் ஒலிவாங்கி, அதே மணத்தில் மாலைகள், ஏறக்குறைய அதே சொற்கள்... களைத்துவிட்டேன், நண்பர்களே.

ஓக்கா பூங்காவின் ஏரிக்கரையில், கோடை ஞாயிறு ஒன்றில், மரநிழலில் ஒரு மேசை கிடைப்பது எளிதன்று. பிந்திப் போனால் வெயில்தான் மிச்சம். நம்மவர்களோ நண்பகலுக்கு முன் வந்ததாக வரலாறே இல்லை.

ஆகவே பூங்கா வாயில் திறக்கும்போதே அக்கா அங்கு நிற்பார். தோளில் ஒரு பெரிய துணிப்பை; அதற்குள் பழைய நூற்சேலைகள்.

மேசைக்கு ஒரு சேலையாக விரிப்பார். மூலைகளில் கல் வைப்பார். பிறகு நடுமேசையில் அமர்ந்துகொள்வார். மஞ்சள், பச்சை, ஊதா... தொலைவிலிருந்து பார்த்தால் கரையில் கொடியேற்றம் நடப்பதுபோல் இருக்கும்.

ஓராண்டு, அக்காவைக் கூட்டிவரும் மருமகனின் கார் பழுதாகிவிட, நான்தான் அவரைக் கூட்டிச் சென்றேன். பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். விரித்த மேசைகளைப் பார்த்தார், இருந்த இரண்டு பேரைப் பார்த்தார். உங்கள் ஆட்கள் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்ஸ் அரீவ்!” என்றார் அக்கா, பாதையைக் கைகாட்டி. வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பாதையில் ஒரு குருவிகூட இல்லை.

சற்று நேரத்தில் காவலர் மறுபடி வந்தார். அதே விடை, முன்னிலும் உறுதியாக. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

“அக்கா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமோ?” என்று கேட்டேன்.

“இது ஒண்டுதான் தெரியும், தம்பி. எங்கட சனத்தோட திரியிறதுக்கு இது காணும்.”

அந்த ஏரியின் பிரெஞ்சுப் பெயருக்கு இரண்டு மலைகளின் ஏரி என்று பொருள். நான் அதைத் தமிழாக்கி, ‘இருமலை ஏரிக்கரையில் கோடை விழா’ என்று ஒருமுறை அறிவித்தல் விட்டேன். அன்று முழுதும் அக்காவின் தொலைபேசி ஓயவில்லை.

“தம்பி, நீர் ஏரிக்கு என்ன பேரும் வையும். கீழ ஓக்கா எண்டு ஒருக்காப் போட்டுவிடும். எந்த மலையில ஏறுறது எண்டு சனம் என்னைக் கேக்குது.”

இன்னொரு கோடை. கொத்துரொட்டி ஆயத்தம். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, மொழி காக்கும் கடமையைப் பற்றி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏரியில் குளித்த பிள்ளைகள் துவாயைப் போர்த்துக்கொண்டு வரிசையில் நடுங்கினார்கள்...

திடீரென்று ஒலி நின்றது. திரும்பினால், அக்காவின் கையில் வயர்.

“மிச்சத்தைச் சாப்பிட்டிட்டுக் கேப்பம், தம்பி. தமிழ் எங்கயும் ஓடிப்போகாது. கொத்து ஆறிப்போகும்.”

கரையே சிரித்தது. நானும்தான்.

போன மாரியில், ஒரு நண்பரின் இறுதிச்சடங்கு முடிந்து அக்காவை வீட்டில் இறக்கப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் வரும்போது அக்கா சொன்னார்.

“நான் போனால் நீர் மைக்கைத் தொடப்படாது. ஓமோ?”

“ஏன் அக்கா?”

“நீர் பேசினால், செத்த ஆக்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கினம்.”

ஓம் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று வாணி அழுகையினூடே கேட்டாள். “மாமா, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு நீங்கள்தான் பேசவேணும். ஐஞ்சு நிமிசம் காணும், ப்ளீஸ்.”

தாயை இழந்து நிற்கும் பிள்ளைக்கு எப்படி மறுப்பேன்? அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவேன்? எத்தனையோ அவைகளில் தடுமாறாத நா, அந்தத் தொலைபேசியில் தடுமாறியது.

ஈற்றில், பனியில் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் கலந்த ஒரு குரல்.

“அது அம்மாவேதான்... அப்ப எழுதுங்கோ, மாமா. எழுதினால் ஒருத்தற்ற சாப்பாடும் ஆறாது.”

அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஞாயிறு நடக்கவிருந்த ஒன்றுகூடலை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ, நிப்பாட்டாதேங்கோ, அம்மா ஏசுவா. எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு, நாங்கள் வரேலாது. ஆனா மேசை பிடிக்க ஆராவது வெள்ளனப் போகவேணுமே, மாமா...”

மாலையில் லாசாலுக்குப் போனேன். துணிப்பையைக் கதவடியில் எடுத்து வைத்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். சேலை மடிப்புகளிலிருந்து போன கோடையின் மணல் தரையில் கொட்டியது. இன்னும் கூட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மலர்ச்சாலையில் பின்வரிசையில் இருப்பேன். தயவுசெய்து யாரும் என்னைப் பேச அழைக்க வேண்டாம்.

ஞாயிறு, வாயில் திறக்கும்போது ஏரிக்கரையில் இருப்பேன். காவலர் வந்து உங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டால், பாதையைக் கைகாட்டி, அக்காவின் பிரெஞ்சைச் சொல்வேன்.

இந்த ஒருமுறையாவது நேரத்துக்கு வாருங்கள், நண்பர்களே.

போய் வாருங்கள், அக்கா... உங்கள் மேசையில் மஞ்சள் சேலையை விரிக்கிறேன்.