சுவருக்கு இந்தப் பக்கம்

காரைக்குடியில் என் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். சிமெண்டுக் கல் ஈரத்தைக் குடிக்கும்போது எழும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, முற்றத்தின் குறுக்கே இதே கல்லில்தான் சுவர் எழுப்பினார்கள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரு பொங்கலுக்கு முன்பு அப்பா எங்கள் பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு மட்டையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பூசாத கல் சுண்ணாம்பை அப்படியே உறிஞ்சியது. திடீரென்று அந்தப் பக்கம் பெண்கள் அலறினார்கள்.

அம்மா ஓடி வந்தாள். "பெரியவுக போயிட்டாக போலங்க. மட்டையைக் கீழ போடுங்க, போவம்."

"கேதம் சொல்ல ஆளு வரட்டும்," என்றார் அப்பா. "சொல்லாத வீட்டுக்கு நான் போகமாட்டேன்."

அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தார். எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. உச்சி வெயிலில் சங்கு ஊதியபோதுதான் பெரியம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்லி விட்டேனே! கூடப் பொறந்தவுகளுக்குமா ஆளு விட்டுச் சொல்லணும்?"

அப்பா மட்டையை எறிந்துவிட்டு ஓடினார். பாடை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ இருந்தார், விலகவில்லை. அப்பா எட்டிப் பிடித்த மூங்கிலில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. பெரியப்பா அதோடுதான் போனார்.

துட்டி வீடாகிவிட்டதால் எங்களுக்கும் பொங்கல் இல்லை. அந்தச் சுவரை அப்பா பிறகு தொடவே இல்லை.

"இந்தக் கல்லு எம்புட்டு அடிச்சாலும் குடிச்சிருதுங்க," என்கிறார் பெயிண்டர்.

"தெரியும்," என்கிறேன்.