சாணம் போன வழி

எண்பதுகளில் நாங்கள் அடி அண்ணாமலையில் குடியிருந்தபோது ஊருக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். கூட்டுறவுச் சங்கம் கடன் வாங்கிக் கட்டியது. அதில் யாருக்கும் லாபம் கிடையாது; தெருவிளக்கு மாதிரி எல்லாருக்கும் சொந்தம். மாடு வைத்திருப்பவர்கள் தினமும் ஒரு கூடை சாணம் கொண்டுவந்து தொட்டியில் கரைக்க வேண்டும். மாடு இல்லாத வீட்டுக்கும் குழாய் உண்டு.

எங்களுக்கு மாடு இல்லை. பள்ளிக்கூட டீச்சரான எனக்கு இழுப்பு வேறு. புகை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். குழாயில் நீல நெருப்பு வந்த பிறகுதான் மூச்சு முட்டாமல் சோறு வடித்தேன்.

மாசி பிறந்தது, பிடித்தது சனி. சிவராத்திரிக்கு அங்கே வீட்டுக்கு வீடு திருநீறு சுடுவார்கள். சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, உமியில் மூட்டம் போட்டு எரித்து, துணியில் சலித்து எடுப்பார்கள். தொட்டிக்கு வந்துகொண்டிருந்த கூடைகளெல்லாம் அவரவர் வாசலிலேயே நின்றுவிட்டன. வாயு குறையக் குறைய, அதன்மேல் மிதக்கும் கலனின் இரும்பு மூடி நாளுக்கு நாள் கீழே இறங்கியது. என் அடுப்பும் அணைந்தது.

எதிர்வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்டேன். சாமி காரியமாச்சே என்றாள். சாமிக்கு ஒரு கைப்பிடி போதாதா, ஊர்ச் சாணம் முழுக்கவா வேண்டும்? அந்த அம்மாளும் விறகடுப்பை ஊதி ஊதி இருமிக்கொண்டுதான் இருந்தாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

சங்கத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், பக்திமான். அவர் வாசலில்தான் உருண்டைகள் ஜாஸ்தி காய்ந்தன.

"நான் ஒருத்தன் போட்டா தொட்டி ரொம்பிடுமா டீச்சர்? எல்லாரும் போடட்டும், நானும் போடறேன்" என்றார்.

தெரு முழுக்க இதே பதில்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு வழியில்லாமல் விறகடுப்பை மூட்டினேன். இரண்டாம் வாரமே இழுப்பு வந்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் லீவு.

சிவராத்திரி முடிந்து சில நாள் கழித்துத் தலைவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பொட்டலம். முகத்தில் உண்மையான கவலை.

"புதுத் திருநீறு டீச்சர். நெஞ்சுல பூசிக்கங்க, இழுப்பு நின்னுடும்."

வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தேன். திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. வாங்கிப் பூசிக்கொண்டேன்.