யன்னலைச் சாத்திவிட்டுப் பேசியவர்

எண்பதுகளில் பாபகூரா என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை பார்த்தபோது, கடைசி அறையில் ஒரு ஜெர்மன் அம்மா இருந்தார். ஒடிந்துவிடுவது போன்ற உயரம். கையில் இறந்துபோன கணவருடைய பெரிய கடிகாரம். ஜெர்மன் மொழியில் ஒரு சொல் சொல்வதென்றாலும் எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

ஒருமுறை காரணம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குள் தமிழாகத்தான் இருக்கிறது.

"உலகச் சண்டை முடிஞ்சு இங்க வந்த புதுசில, ஜெர்மன்காரி எண்டு பள்ளிக்கூடத்தில என்ர மகளுக்குக் கல்லெறிஞ்சவை. அதுக்குப் பிறகு பிள்ளையோட ஜெர்மன் கதைக்கேல்லை. என்ர மனுசனோட கதைக்கிறதெண்டாலும் யன்னலைப் பூட்டிப்போட்டுத்தான்."

பிறகு மறதி நோய் வந்து அவருடைய ஆங்கிலம் முழுவதையும் கொண்டுபோனது. ஜெர்மன் மட்டும் மிஞ்சியது. ஞாயிறுதோறும் மகளும் பேத்தியும் வருவார்கள். அவர் யன்னலைச் சாத்திவிட்டு நெடுநேரம் பேசுவார். சின்ன வயதில் பேசியதையெல்லாம் மகள் மறந்துவிட்டிருந்தார்; ஒரு சொல்லும் விளங்காமல் இருவரும் அவர் கையைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாலை, போர்வையைச் சரிசெய்த என் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். திரும்பவும் கேட்டார். வயதானவர்கள் எது சொன்னாலும் தலையாட்டியே வளர்ந்தவள் நான்.

"ஓம் அம்மா, ஓம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மறுநாள் இறந்துபோனார்.

"அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று மகள் கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லை" என்றேன். தலையாட்டியதைச் சொல்லவில்லை.

எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியாது. அதை நம்பித்தான் அவர் என் கையை விட்டார்.